மூடப்பட்ட தேவாலயங்களின் வண்ணக் கண்ணாடிகள்: மீட்பும் மறுகுடியமர்வும்

முன்னுரை

இங்கிலாந்தில் மூடப்படும் தேவாலயம் வீடாகவோ அரங்காகவோ மாறிப் பிழைத்துக்கொள்ளும். அதன் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களுக்குப் பல வேளைகளில் போக்கிடம் இருப்பதில்லை. அவற்றைக் காக்க 1972இல் நிறுவப்பட்ட அருங்காட்சியகம் ஈலி பேராலயத்தில் இயங்குகிறது. லண்டன் கண்ணாடிக் கலைஞர் சங்கத்தின் அறக்கட்டளையும் மீட்ட கண்ணாடிகளைச் சேமித்துப் புதிய இடம் தேடித் தருகிறது. கண்ணாடியோடு அதன் வரலாறும் குடிபெயர்ந்தால்தான் மீட்பு முழுமை பெறும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

1. கழற்றும் முறை

வண்ணத் துண்டுகளை ஈயப் பட்டைகள் பலகங்களாகப் பிணைக்கின்றன; அப்பலகங்களைச் செம்புக் கம்பிகள் குறுக்கிரும்புகளோடு கட்டி நிறுத்துகின்றன. முதலில் பலகங்களை இருந்த நிலையிலேயே படமெடுத்து எண்ணிட வேண்டும். பின் கம்பிகளை அறுத்து, கல் விளிம்பின் காரையைச் சிறு உளியால் கொத்தியெடுத்துப் பலகத்தை விடுவிப்பர். மேசையில் கிடத்தி, மேலே தாள் விரித்து மெழுகுக் கட்டியால் தேய்த்தால் ஈயக் கோடுகள் அப்படியே பதியும். இந்தப் பிரதியே பின்னர் பழுதுபார்ப்போருக்கு வழிகாட்டி. பெட்டியில் பலகங்களை நிமிர்த்தியே அடுக்க வேண்டும். படுக்க வைத்தால் ஈயம் தொய்ந்து கண்ணாடி விரிசல் காணும்.

2. ஹெர்கன்ரோடு தரும் சான்று

பெல்ஜியத்தின் ஹெர்கன்ரோடு பெண் துறவியர் மடம் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் கலைக்கப்பட்டது. 1530களில் உருவான அதன் சாளரங்களை 1802இல் சர் புரூக் பூத்பி 200 பவுனுக்கு வாங்கினார். அவை இங்கிலாந்தின் லிச்ஃபீல்டு பேராலயத்தில் அன்னை மரியாள் சிற்றாலயத்தில் பொருத்தப்பட்டன. 2010இல் பழுதுபார்க்கக் கழற்றப்பட்டு 2015இல் மீண்டும் ஏறின. மூலமடத்தின் பெயர் இன்றும் அவற்றை விட்டு நீங்கவில்லை, வழிபாடும் தொடர்கிறது. இரண்டும் ஒருங்கே அமைந்ததே இம்மீட்பின் சிறப்பு.

3. இடம் தேடுவதில் சிக்கல்கள்

புதிய சாளரத்தின் அளவும் வளைவும் பழையதோடு பொருந்துவது அரிது. பொருத்துவதற்காகப் பலகத்தை வெட்டுவது மூலப்படைப்பைச் சிதைப்பதாகும். பல சாளரங்களில் உபயதாரர் பெயரும் இறந்தோர் நினைவும் அடிப்பலகத்தில் இருக்கும். ஓவியத்தைக் காத்து அடிப்பலகத்தைக் கைவிட்டால் ஓர் ஊரின் துயரும் நன்றியும் அழிகின்றன. சாளரத்துக்குப் பதிலாக, பின்னிருந்து விளக்கொளி பாய்ச்சும் பெட்டியில் பலகத்தைப் பொருத்தினால் இடச்சிக்கல் தீரும். ஆனால் காலை முதல் மாலை வரை மாறும் வெயிலின் நிறவேறுபாட்டை அப்பெட்டி தராது.

முடிவுரை

சாளரம் தன் இடத்திலேயே நிலைப்பது முதல் தெரிவு. மற்றொரு வழிபாட்டிடம் அடுத்தது. அருங்காட்சியகம் அதற்கும் அடுத்தது. எதுவாயினும், கதவடைக்கும் முன்பே ஆவணப்பணி தொடங்க வேண்டும். உபயம் அளித்த குடும்பங்களும் சாளரத்தின் கதையறிந்த மூத்தோரும் பங்குமக்களாக ஒன்றுகூடியிருக்கும் காலம் அதுவே.