பந்துக்கும் எண்ணெய்க் குளியல்!

கொட்டாம்பட்டியில் சனிக்கிழமை காலை எண்ணெய் தேய்த்து ஊறியவர்களைக் கேளுங்கள். தேய்ப்பது சுலபம், எடுப்பதுதான் பாடு! வெந்நீரும் சீயக்காயும் இல்லாமல் பிசுக்கு போகாது. இதே பாடு பௌலிங் பந்துக்கும் உண்டென்றால் நம்புவீர்களா?

பந்து உருளும் 60 அடி மரப்பாதை தேயாமலிருக்க, அதில் எண்ணெய் பூசினார்கள். பந்தும் முதலில் மரம்தான். 1905-ல் ரப்பர் வந்தது, பிறகு பிளாஸ்டிக். பிளாஸ்டிக் பந்து எண்ணெயில் வழுக்கிக்கொண்டு ஓடியது. 1973-ல் அமெரிக்க வீரர் டான் மெக்யூன் ஒரு வேலை செய்தார். பந்தை ரசாயனத்தில் ஊறப்போட்டு, மேற்பரப்பை இளக்கினார். பந்து பாதையைப் பிடித்துக்கொண்டு வளைந்தது. அந்த ஒரே வருஷத்தில் 6 பட்டங்கள்! மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? பந்து இவ்வளவு கெட்டியாக இருக்கவேண்டும் என்று விதியே வந்துவிட்டது.

1990-களின் தொடக்கத்தில் வந்தது 'ரியாக்டிவ் ரெசின்' பந்து. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். எண்ணெயை உறிஞ்சும், பாதையைக் கவ்வும், வெடுக்கென்று வளையும். அங்கேதான் வினை! குடித்த எண்ணெய் உள்ளேயே தங்க, ஆட ஆட பந்து மந்தமானது.

வைத்தியம்? விரல் துளைகளை டேப் ஒட்டி அடைத்து, வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் விட்டு, பந்தைச் சுமார் 20 நிமிடம் ஊறவைக்கிறார்கள். எண்ணெய் வியர்வை மாதிரி கசிந்து வரும். அவசரப்பட்டுக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால், பந்து விரிசல் விட்டுவிடும்!

ஆக, ஜெயிக்க வைத்த துளைதான் காலையும் வாரியது. உறிஞ்சத் தெரிந்த பந்தைச் செய்தவர்களுக்குக் கக்கத் தெரிந்த பந்தைச் செய்ய வரவில்லை. கடைசியில் கைகொடுத்தது, நம் பாட்டியின் வெந்நீர் அண்டாதான்!