எல்லைப்புறத் தமிழரின் காய்கறிச் சமையல்: பாலக்காடு, இடுக்கி வட்டாரப் பெயர்வழக்குகளை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு மக்கள் கூட்டத்தின் வரலாற்றைக் கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி ஆகியவற்றின் துணைகொண்டு எழுதுவது நெடுநாளைய மரபாகும். அத்தகைய சான்றுகளை விட்டுச் செல்லாத எளிய மக்களின் இடப்பெயர்வையும் வாழ்முறையையும் அறிய, அவர்தம் பேச்சும் உணவும் துணைபுரிகின்றன. கேரள மாநிலத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழக எல்லையை ஒட்டி வாழும் தமிழரிடையே நாள்தோறும் ஆக்கப்பெறும் காய்கறி உணவுகள் இவ்வகையில் ஆராயத்தக்கன. ஒரு காய், ஓர் அரைப்பு, ஒரு தாளிப்பு என்னும் அளவில் முடிந்துவிடும் எளிய உணவுகள் இவை. எனினும் மிளகாய் வருவதற்கு முற்பட்ட சுவைமரபும், குடிப்பெயர்வின் தடங்களும், இருமொழி உறவும் இவற்றின் பெயர்களிலும் செய்முறைகளிலும் பதிந்து கிடக்கின்றன. அவற்றை எடுத்துக்காட்டுவதும், அவை மறையுமுன் தொகுக்கப்பெற வேண்டிய தேவையைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

நிலமும் எல்லையும்

இன்றைய மாநில எல்லை அண்மைக் காலத்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமையும் வரை பாலக்காடு, சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதன் கிழக்கே அமைந்த சித்தூர்ப் பகுதி பழைய கொச்சி அரசுக்கும், தேவிகுளமும் பீருமேடும் பழைய திருவிதாங்கூர் அரசுக்கும் உரியனவாக இருந்தன. தேவிகுளம், பீருமேடு வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்க வேண்டுமென்று திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியபோதும் அவை கேரளத்திலேயே நின்றுவிட்டன. பாலக்காடு மாவட்டம் 1957-லும் இடுக்கி மாவட்டம் 1972-லும் உருவாயின.

அரசியல் எல்லை இவ்வாறு மாறியபோதும் நிலமும் நீரும் இரு பக்கத்தையும் இணைத்தே வந்துள்ளன. பாலக்காட்டுக் கணவாய் கொங்கு நாட்டையும் மலபாரையும் இணைக்கும் பழைய பெருவழியாகும். இடுக்கி மாவட்டத்தின் மறையூர் மலைச்சரிவில் ஓடும் பாம்பாறு கிழக்கு நோக்கிச் சென்று அமராவதியில் கலந்து காவிரியைச் சேர்கிறது. 1895-இல் கட்டி முடிக்கப்பெற்ற முல்லைப் பெரியாறு அணை மேற்கு நோக்கிய ஆற்றுநீரைக் கம்பம் பள்ளத்தாக்கிற்குத் திருப்பியது. அந்நீரால் விளையும் காய்கறிகள் குமுளி, போடிமெட்டு வழிகளில் மீண்டும் மலையேறுகின்றன. பாலக்காட்டு எல்லையில் வேலந்தாவளம் காய்கறிச் சந்தையும், தமிழகத்தில் ஒட்டன்சத்திரம் சந்தையும் இத்தகைய போக்குவரவின் நிலையங்களாகும். எல்லைப்புறச் சமையலை இந்நிலப் பின்னணியில் வைத்தே நோக்குதல் வேண்டும்.

மூவகைக் குடியமைவு

இப்பகுதித் தமிழரை ஒரே குடியேற்றத்தினராகக் கருதுதல் பொருந்தாது. முதலாவதாக, பாலக்காட்டுக் கிராமங்களில் குடியேறிய தமிழ்ப் பார்ப்பனர். கல்பாத்தி விசுவநாதர் கோயில் ஏறத்தாழ கி.பி. 1425-இல் எழுந்ததாகக் கூறப்படுதலின், இக்குடியேற்றம் ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையது எனலாம். இரண்டாவதாக, கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி முதலிய கிழக்கு எல்லை ஊர்களில் கொங்கு நாட்டுத் தொடர்ச்சியாக வாழும் உழவர் குடிகள். மூன்றாவதாக, இடுக்கி மலைப்பகுதித் தமிழர். இவர்களுள்ளும் மறையூர், காந்தளூர் முதலிய ஐந்து நாட்டு ஊர்களில் மதுரைப் பக்கத்திலிருந்து முன்னரே வந்தேறியதாக வாய்மொழி மரபு கூறுவோர் ஒரு பிரிவினர். 1877-இல் பூஞ்சாற்று அரசர் சான் டேனியல் மன்றோவுக்கு மலைநிலத்தைக் குத்தகைக்கு அளித்ததன் பின் தோன்றிய தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியாகத் தென்மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளர் மற்றொரு பிரிவினர். இம்மூவகையினரின் அடுக்களைகளும் ஒன்றல்ல. எனினும் உள்ளூர்க் காயைக் கொண்டு, கைப்பழக்கத்தில் இருந்த முறையால், எளிதில் ஆக்குதல் என்னும் பண்பு மூன்றிற்கும் பொதுவாக உள்ளது.

மிளகு எஞ்சிய பெயர்

பாலக்காட்டுத் தமிழரின் அடையாள உணவாகக் கருதப்படுவது ‘மொளகூட்டல்’ ஆகும். பூசணி, கீரை, முட்டைக்கோஸ், வாழைக்காய், சேனை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை மஞ்சளும் உப்பும் இட்டு வேகவைத்து, வெந்த துவரம்பருப்பைச் சேர்த்து, தேங்காயும் சீரகமும் ஒன்றிரண்டு மிளகாய் வற்றலும் அரைத்துக் கலந்து, தேங்காயெண்ணெயில் கடுகும் உளுத்தம்பருப்பும் கறிவேப்பிலையும் தாளித்தால் மொளகூட்டல் ஆகிவிடும். இதில் புளி சேர்ப்பதில்லை. காரமும் மிகக் குறைவே. இவ்வளவு மென்மையான உணவின் பெயர் காரப் பொருளால் அமைந்திருப்பது சிந்தனைக்குரியது. ‘மிளகு’, ‘கூட்டல்’ என்னும் இரு சொற்களின் சேர்க்கையே பேச்சு வழக்கில் இவ்வாறு திரிந்தது எனக் கருத இடமுண்டு. மலையாளத்தில் இதனோடு ஒத்த உணவு ‘மொளகூஷ்யம்’ எனப்படுவதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் இந்நாட்டிற்கு வந்தது. மிளகைப் போன்று காரமுடைய காய் என்பதால் அதற்கு மிளகாய் என்ற பெயர் அமைந்தது. சங்க இலக்கியத்தில் ‘கறி’ என்னும் சொல் மிளகையே குறித்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் அந்தணர் இல்லத்து விருந்தாக, வெண்ணெயில் வெந்த மாதுளங்காய்ப் பிளவோடு மிளகும் கறிவேப்பிலையும் கலந்த உணவு கூறப்படுகிறது. காரத்திற்கு மிளகு, மணத்திற்குக் கறிவேப்பிலை, நெகிழ்ச்சிக்குக் கொழுப்பு என்னும் இம்முக்கூட்டே இன்றைய மொளகூட்டலிலும் அடிப்படையாக நிற்கிறது. மிளகின் இடத்தில் மிளகாய் வந்து அமர்ந்தது. பழைய பெயர் மாறவில்லை.

இக்கருத்திற்குச் சடங்குணவு வலுவூட்டுகிறது. திதி நாள்களில் தமிழ்ப் பார்ப்பனர் இல்லங்களில் மிளகாயும் முட்டைக்கோஸ், கேரட் போன்ற காய்களும் விலக்கப்படுகின்றன. மிளகும் சீரகமும் நாட்டுக்காய்களுமே கொள்ளப்படுகின்றன. அன்றாடச் சமையல் புதியதை ஏற்றுக்கொண்டபோதும் சடங்குச் சமையல் பழைய நிலையைப் போற்றி வந்துள்ளது என்பது இதனால் புலனாகிறது.

செய்முறையே பெயராதல்

மொளகூட்டலுக்குத் துணையாக வைக்கப்படும் ‘அரைச்சுக்கலக்கி’ மொழியியல் நோக்கில் சிறப்புடையது. தேங்காய், பச்சை மிளகாய், மாங்காய் அல்லது நெல்லிக்காய் ஆகியவற்றை அரைத்து, தயிரில் கலக்கித் தாளிப்பதோடு இது முடிகிறது. அடுப்பில் ஏற்றி வேகவைக்கும் வேலையில்லை. அரைத்தல், கலக்குதல் என்னும் இரு தொழில்களே இணைந்து உணவின் பெயராகிவிட்டன. ஊரால் உண்ணப்படுவது ‘ஊருணி’ என இகர விகுதி பெற்றுச் செயப்படுபொருளை உணர்த்துவதை இலக்கண நூலார் எடுத்துக்காட்டுவர். அரைத்துக் கலக்கப்படுவது ‘அரைச்சுக்கலக்கி’ ஆனதும் அந்நெறியே ஆகும்.

‘மெழுக்குப்புரட்டி’ என்பதும் இவ்வாறே அமைந்துள்ளது. வெந்த வாழைக்காயையோ பயற்றங்காயையோ எண்ணெய்ப் பசையில் புரட்டி எடுப்பதால் இப்பெயர் ஏற்பட்டது. இச்சொல் தமிழர், மலையாளிகள் ஆகிய இரு சாராரிடத்தும் வழங்குகிறது. பொடியாக நறுக்கிய காயின்மேல் தேங்காய்த் துருவலைத் தூவி ஆக்குவது ‘பொடித்தூவல்’. கீரையில் புளி விட்டு ஆக்குவது ‘புளியிட்ட கீரை’. இப்பெயர்களை அறிந்தவர் செய்முறையையும் ஏறத்தாழ அறிந்தவராகிறார். எழுதப்பட்ட குறிப்பின்றித் தாயிடமிருந்து மகளுக்குச் சமையல் சென்ற காலத்தில், பெயரே நினைவுக் குறிப்பாகப் பயன்பட்டது எனலாம்.

இல்லத்துச் சமையலை இலக்கியப் பொருளாக்கியதும் பழைய மரபேயாகும். குறுந்தொகையின் 167-ஆம் பாடலில் கூடலூர் கிழார், புதிதாக இல்லறம் ஏற்ற தலைவி தயிரைப் பிசைந்து, தாளிப்பின் புகை கண்ணில் படியத் தானே ஆக்கிய புளிப்புக் குழம்பைக் கணவன் இனிதென உண்ண, அவள் முகம் நுண்ணிதின் மலர்ந்ததைச் செவிலியின் கூற்றாகப் பாடியுள்ளார். தயிரும் தாளிப்பும் கொண்ட அவ்வெளிய உணவின் வழியில் வந்தவையாக, தமிழகத்து மோர்க்குழம்பையும் எல்லைக்கு அப்பால் வழங்கும் காளனையும் வைத்து எண்ணலாம்.

ஒரு காய், பல பெயர்

எல்லைப்புறத்தில் காய்களின் பெயர்களும் குடிவழியைக் காட்டுகின்றன. தமிழகத்தின் வடபகுதியில் காராமணி எனப்படும் பயறு கொங்கு வழக்கில் தட்டைப்பயறு எனவும், கேரளத்தில் வன்பயறு எனவும் வழங்குகிறது. பிற இடங்களில் பரங்கிக்காய் எனப்படுவது கொங்கு உழவரிடத்தில் அரசாணிக்காய், பாலக்காட்டுக் கிராமங்களில் மத்தன். வெண்பூசணி அங்கு இளவன் ஆகிறது. பலா, சக்கை எனப்படுகிறது.

மத்தனும் பயறும் சேர்ந்து, வறுத்த தேங்காயுடன் எரிசேரியாகின்றன. இளவனும் பயறும் தேங்காய்ப்பாலில் வெந்து, பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் பச்சைத் தேங்காயெண்ணெயும் சேர்ந்து ஓலனாகின்றன. அதே தட்டைப்பயறு கிழக்கு எல்லையின் கொங்குக் குடிகளிடத்தில் கத்திரிக்காயோடு குழம்பாகிறது. பயறு ஒன்றே, சேரும் காயும் எண்ணெயும் அரைப்பும் மாறுவதற்கேற்ப உணவும் பெயரும் மாறுகின்றன. ஒரு வீட்டில் வழங்கும் பெயரைக் கேட்ட அளவில் அக்குடியினர் கணவாயின் எப்பக்கத்து வழக்கினர் என்பதை ஓரளவு உய்த்துணரலாம்.

காய் வகைகளிலும் வட்டாரத் தனித்தன்மை உண்டு. அட்டப்பாடியின் ஆட்டுக்கொம்பு அவரை, ஆட்டின் கொம்பைப் போல் வளைந்த வடிவால் பெயர்பெற்றது. அதுவும் அட்டப்பாடித் துவரையும், இடுக்கியின் காந்தளூர்-வட்டவடைப் பூண்டும் 2022-இல் புவிசார் குறியீடு பெற்றன. விளைபொருளுக்கு இவ்வாறு சட்டப் பாதுகாப்புக் கிட்டியுள்ளது. அப்பொருளை ஆக்கி உண்ணும் முறைக்கும் அதற்குரிய சொற்களுக்கும் அத்தகைய பதிவு இல்லை.

தோட்டத்து அடுக்களை

இடுக்கித் தேயிலைத் தோட்டங்களில் சமையலின் எளிமைக்கு வேறொரு காரணமும் உண்டு. கொழுந்து பறிக்கும் பெண்கள் விடியுமுன் எழுந்து, விறகடுப்பில் காலைக்கும் நண்பகலுக்குமான உணவை ஆக்கிவிட்டு மலையேற வேண்டியிருந்தது. சிறிய லயன் வீடுகளில் இடமும் குறைவு, நேரமும் குறைவு. ஆகவே ஒரு புளிக்குழம்பு, ஒரு கீரைக் கடைசல் அல்லது ஒரு பொரியல் என்பதே அன்றாட உணவாயிற்று. ஆங்கிலேயர் காலத்தில் மலைகளில் பரவிய பீன்ஸ், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, சௌசௌ ஆகியவை ‘இங்கிலீஷ் காய்’ எனப்பட்டன. தென்மாவட்டங்களிலிருந்து வந்தோர் இவற்றிற்கெனப் புதிய சமையலைத் தேடவில்லை. சுரைக்காய்க்கும் பூசணிக்கும் உரிய கூட்டு முறையைச் சௌசௌவிற்கும், அவரைக்குரிய பொரியல் முறையைப் பீன்ஸுக்கும் பொருத்திக்கொண்டனர். பாலக்காட்டில் முட்டைக்கோஸ் மொளகூட்டலுக்குள் புகுந்ததும் இத்தகையதே. பொருள் புதிது, முறை பழையது என்னும் இவ்வியல்பு எல்லைப்புறச் சமையல் முழுமைக்கும் பொருந்தும்.

வாய்மொழியும் எழுத்தும்

தமிழில் இல்லச் சமையலை அச்சில் நிலைபெறச் செய்த நூல்களுள் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ (1951) குறிப்பிடத்தக்கது. உறவினரை விட்டுப் புதுக்குடித்தனம் செல்லும் பெண்களுக்கு அது பெருந்துணையாயிற்று. ஆயினும் பொதுப் பயன்பாட்டிற்கான நூல் எதுவும் வட்டார வழக்குகள் அனைத்தையும் தாங்குதல் இயலாது. எல்லைப்புறச் சமையல் பெரும்பாலும் வாய்மொழியாகவே நின்றது.

இங்குதான் இழப்பின் அச்சம் எழுகிறது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுப் பேச்சு தமிழாக இருப்பினும் கல்வி மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ அமைவதால், தமிழ் எழுத்தறியாத தலைமுறைகள் உருவாகிவிட்டன. எழுத்து விடைபெற்ற வீடுகளில் தமிழ் கடைசியாகத் தங்கும் இடங்களுள் அடுக்களையும் ஒன்று. நகர்ப்புற வேலைக்கும் அயல்நாட்டிற்கும் மக்கள் பெயர்ந்த பின் அவ்விடமும் சுருங்கி வருகிறது. மொளகூட்டல் ‘கூட்டு’ என்றும், பொடித்தூவல் ‘பொரியல்’ என்றும் பொதுப்பெயர் பெறும்போது உணவு அழிவதில்லை. அதனுள் இருந்த வரலாற்றுச் செய்தி அழிந்துவிடுகிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. எல்லைப்புறத் தமிழரின் காய்கறி உணவுகளை, தமிழ், மலையாளச் சமையல்களின் அண்மைக் காலக் கலப்பு என்று மட்டும் கொள்ளுதல் போதாது. மிளகுக் காலச் சுவைமரபும் இரு மொழிகளுக்கும் பொதுவான பெயராக்க நெறியும் அவற்றில் எஞ்சியுள்ளன. புதிய காய்களைப் பழைய முறைக்குள் அடக்கும் ஆற்றலே இச்சமையலை நிலைக்கச் செய்தது. பொருள்கள் குறைவாகவும் முறை எளிதாகவும் இருந்தமையால்தான் இடம்பெயர்ந்த குடிகள் அதனை நினைவிலேயே சுமந்து செல்ல முடிந்தது.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் நாஞ்சில்நாட்டு வழக்கைத் தனிக்குறியீட்டால் சுட்டியது போன்று, பாலக்காடு, இடுக்கி வழக்குகளும் அகராதியில் இடம்பெறுதல் வேண்டும். சித்தூர், மூணாறு அரசுக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் அவ்வப்பகுதியிலேயே அமைந்திருத்தலின், மாணவர்களைக் கொண்டு அவரவர் இல்லங்களிலிருந்தே உணவுப்பெயர், காய்ப்பெயர், செய்முறைச் சொற்கள் ஆகியவற்றைத் திரட்டுதல் அரிதன்று. பெயரோடு வழங்கும் ஊர், குடிவழி, உணவு ஆக்கப்படும் நாள், சொன்னவரின் தலைமுறை ஆகியவையும் குறிக்கப்பெறின் அது சொற்றொகுப்பாக மட்டுமன்றி வரலாற்று ஆவணமாகவும் அமையும். அடுக்களையில் மூத்தோர் உள்ளபோதே இப்பணி தொடங்கப்பெறுதல் வேண்டும்.