மரத்துள் அலை

அருவச் சிற்பம் வசதி படைத்தோரின் வரவேற்பறைக்கு உரியது. உழைக்கும் மனிதனுக்கு அதனால் ஆவதென்ன? இவ்வாறு கேட்போர் நம்மிடையே உளர். கேள்வி நியாயமானதே. ஆயினும் விடையை முன்னரே தீர்மானித்துக்கொண்டு கேட்பது நியாயமாகாது. இயற்கையின் வடிவங்களை மரத்திற் செதுக்கிய ஆங்கிலச் சிற்பி பார்பரா ஹெப்வேர்த்தின் (1903–1975) வரலாறு இவ்விடயத்திற் சில உண்மைகளை உணர்த்தும்.

யோர்க்சயரின் வேக்ஃபீல்ட் நகரிற் பிறந்தவர் அவர். தந்தையார் வீதிகளைப் பராமரிக்கும் பொறியியலாளர். அவரோடு மோட்டார் வண்டியிற் குன்றுகளினூடே பயணஞ்செய்த சிறுபிராயத்திலேயே நிலத்தின் மேடுபள்ளங்களைச் சிற்பமாகக் காணப் பழகினார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பியச் சிற்பி பெரும்பாலும் களிமண்ணில் மாதிரியை வனைவதோடு நின்றுவிடுவார். அதனைக் கல்லிற் செதுக்கும் கடும் உழைப்பு, பெயர் அறியப்படாத கைவினைஞருக்கு உரியதாயிருந்தது. புகழ் ஒருவருக்கு, வியர்வை மற்றொருவருக்கு. ஹெப்வேர்த், ஹென்றி மூர் முதலியோரின் தலைமுறை இப்பிரிவினையை ஏற்கவில்லை. உளியையும் கொட்டாப்புளியையும் தாமே கையிலெடுத்து, மூலப்பொருளை நேரடியாகச் செதுக்கினர். மரத்தின் இழையோட்டத்தையும் வைரத்தையும் முடிச்சையும் மதியாது அதில் வடிவம் காண இயலாது. கைத்தொழிலாளி நன்கறிந்த இவ்வுண்மையைக் கலைஞரும் கற்றுக்கொண்டனர்.

1939 ஓகஸ்டில், போர் மூளும் தறுவாயில், ஹெப்வேர்த் குடும்பத்துடன் இலண்டனை நீங்கிக் கோண்வாலின் சென் ஐவ்ஸ் குடாக்கரையை அடைந்தார். குழந்தைகளைப் பேணுவதிலும் தோட்டத்திற் காய்கறி பயிரிடுவதிலும் பகல்கள் கழிந்தன. இரவுகளே சித்திரம் வரைவதற்கு எஞ்சின. அக்கடற்கரை வாழ்வின் பயனாகவே 1943–44இல் ‘அலை’யும், 1946இல் ‘பெலகொஸ்’ என்னும் எல்ம் மரச் சிற்பமும் பிறந்தன. பெலகொஸ் என்பது கடலைக் குறிக்கும் கிரேக்கச் சொல். உள்ளே குடையப்பட்ட அம்மரத்தின் இரு கைகளும் குடாவைப் போல் வளைந்து வருகின்றன. உட்புறத்தில் வெளிறிய வண்ணம். கைகளுக்கிடையே இழுத்துக் கட்டிய நரம்புகள். தமக்கும் கடல், காற்று, குன்றுகள் ஆகியவற்றுக்கும் இடையே தாம் உணர்ந்த இழுவிசையே அந்நரம்புகள் என அவர் விளக்கினார். அங்கு மனித உருவம் இல்லை. ஆனால் மனிதனின் அநுபவம் இருக்கிறது.

அவர் மனிதரை மறந்தவருமல்லர். 1947 முதல் சில ஆண்டுகள் சத்திரசிகிச்சைக் கூடங்களுட் சென்று, ஓர் உயிரைக் காப்பதற்காக ஒருமித்து இயங்கும் கைகளை வரைந்தார். ஐக்கிய நாடுகள் சபைச் செயலாளர் நாயகம் டாக் ஹமர்ஷெல்ட் 1961 செப்ரெம்பரில் ஆபிரிக்காவில் விமான விபத்தில் மாண்டபோது, அந்நண்பரின் நினைவாக ஓர் ஒற்றை வடிவத்தைப் படைத்தார். அவ்வடிவத்தின் வெண்கலப் பேருரு 1964இல் நியூயோர்க்கில் அச்சபையின் தலைமையகத்தின் முன் நிறுவப்பட்டது.

எனினும் இவ்வரலாற்றுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. மகனை விமான விபத்திற் பறிகொடுத்த துயரோடு 1954இல் கிரேக்கம் சென்று திரும்பிய ஹெப்வேர்த்துக்கு, நைஜீரியாவிலிருந்து பதினேழு தொன் குவாரியா மரம் வந்து சேர்ந்தது. சென் ஐவ்ஸின் ஒடுங்கிய தெருக்களினூடே அப்பெருங் கட்டைகளைக் கொண்டுசெல்வதே பெரும்பாடாயிற்று. உதவியாளரின் துணையோடு அவற்றை அவர் குடைந்தார். புறம் மெருகேறிய செம்பழுப்பு, அகம் வெண்மை. குகையையும் கடற்கரைப் பாறையையும் நினைவூட்டும் ஒப்பற்ற படைப்புகள் அவை. அவற்றின் பெயர்களோ கொரிந்தொஸ், டெல்பி, டெலொஸ். அந்நாளில் நைஜீரியா பிரித்தானியரின் குடியேற்ற நாடு. 1960இலேயே அது விடுதலை பெற்றது. மரம் ஆபிரிக்காவினது, பெயர் கிரேக்கத்தினது, காட்சிக்கூடம் ஐரோப்பாவினது. மரம் வளர்ந்த மண், மூலப்பொருளைக் குறிக்கும் வரியில் மாத்திரமே இடம்பெற்றது.

இதனைச் சுட்டுவது சிற்பியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கன்று. இயற்கையிலிருந்து பிறந்த வடிவமும் வரலாற்றுக்குப் புறம்பானதன்று என்பதை உணர்வதற்கே. அருவக்கலை யாவும் மனிதனைக் கைவிட்ட கலை என்பார் ‘பெலகொஸ்’ஸின் முன் நின்று பார்க்கட்டும். கலைக்குக் காலமும் தேசமும் இல்லை என்பார் ‘கொரிந்தொஸ்’ஸின் மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கட்டும். அழகைக் கண்டு மகிழவும் அதன் பின்னுள்ள உழைப்பையும் உடைமையையும் விசாரிக்கவும் நமது மாணவர் ஒருங்கே பயில வேண்டும். இவற்றுள் ஒன்றைப் பெறுவதற்காக மற்றதை இழக்க வேண்டியதில்லை.