தோலில் தெரிந்த பச்சை வலை

கல்முனைப் பிள்ளைகள் உயிரியல் பாடத்தில் 'பிறபொருளெதிரி' என்று மனனம் செய்யும் பொருளுக்குச் சாயம் பூட்டி, அதை நுணுக்குக்காட்டியின் கீழ் ஒளிரச் செய்தவர் அமெரிக்க மருத்துவர் அல்பேர்ட் கூன்ஸ். 1941இல் அவர் எடுத்த சாயம் நீலமாய் ஒளிர்ந்தது. இழையத்துக்கும் இயல்பிலேயே நீல ஒளிர்வு உண்டாகையால் வேறுபிரித்தறிவது கடினமாயிற்று. மறு ஆண்டில் பச்சையாய் ஒளிரும் புளோரசீனுக்கு மாறினார். நிறத்தை மாற்றியதே கண்டுபிடிப்பின் பாதி என்பேன்.

அதன் அருமையைத் தோல் மருத்துவம் நன்கு உணர்த்திற்று. பெம்பிகஸ் என்றொரு நோய். உடலெங்கும் கொப்புளம் பொங்கித் தோல் உரியும். 1950களில் ஸ்டீரொயிட் மருந்து வரும்வரை பெரும்பாலோர் மாண்டனர், காரணமும் விளங்கவில்லை. 1964இல் பஃபலோ நகரில் பியூட்னரும் ஜோர்டனும் நோயாளியின் குருதிநீரை இழையச் சீவலின்மீது இட்டு, சாயம் பூட்டிய இன்னொரு பிறபொருளெதிரியால் தேடினர். கலங்களுக்கிடையே பச்சை வலை தெரிந்தது. காவலனே வீட்டுச் சுவரை இடித்துக்கொண்டிருந்தான்.

1975இல் ரைன்வால்டும் கிரீனும் மனிதத் தோலின் மேற்படைக் கலங்களைக் கிண்ணத்தில் வளர்த்துக் காட்டியபின் ஆய்வு விரைந்தது. தாக்கப்படுவது, கலத்தோடு கலத்தைப் பிணைக்கும் டெஸ்மோகிளீன் என்ற புரதம்.

இன்றும் சிறு தோற்றுண்டொன்றில் மருத்துவர் தேடுவது அந்தப் பச்சை வலையைத்தான். ஆறாத கொப்புளத்தை அக்கியென்று எண்ணி மாதக்கணக்கில் வீட்டிலிருப்போர் எம்மூரிலும் உண்டு. அவர்களுக்காகவே இதனை எழுதலானேன்.