மரத்தளத்தின் பழைய வண்ணப்பூச்சை நீக்குதல்

மரத்தளத்தின் பழைய வண்ணப்பூச்சை நீக்குதல் என்பது, பலகைத் தளத்தின் மீது பல்லாண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசப்பட்ட பூச்சு அடுக்குகளை, மரத்துக்கும் மனிதருக்கும் கேடு நேராத வகையில் அகற்றும் பணியாகும். சென்னையின் மயிலாப்பூர், தியாகராய நகர் போன்ற பகுதிகளில் உள்ள பழைய வீடுகளின் தரை பெரும்பாலும் செங்காவிச் சிமெண்டு அல்லது மொசைக்கினால் ஆனது. எனவே இங்கு இப்பணி மச்சின் பலகைத் தளம், மரப்படிகள், திண்ணைத் தூண்கள், கதவு நிலைகள், மெட்ராஸ் டெரசுக் கூரையைத் தாங்கும் தேக்கு விட்டங்கள் ஆகியவற்றிலேயே பெரிதும் தேவைப்படுகின்றது.

ஈய நச்சு

பழைய எண்ணெய் வண்ணப்பூச்சுகளில் வெள்ளை ஈயமும், மஞ்சள் நிறத்துக்காக ஈயக் குரோமேட்டும், முதற்பூச்சில் சிவப்பு ஈயமும் சேர்க்கப்படுவது வழக்கமாக இருந்தது. ஐக்கிய அமெரிக்கா வீட்டுப் பூச்சுகளில் ஈயத்தை 1978 இல் தடை செய்தது. இந்தியாவில் 2016 இல் வெளியிடப்பட்ட விதிகளே, வீட்டுப் பூச்சுகளில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படக்கூடாது என வரையறுத்தன. இவை நவம்பர் 1, 2017 முதல் நடைமுறைக்கு வந்தன. புதிய பூச்சையே இவ்விதிகள் கட்டுப்படுத்துகின்றன. மரத்தின் மேல் ஏற்கனவே படிந்துள்ளதை அல்ல. ஆகவே சோதித்துப் பார்க்காதவரை, பழைய எனாமல் பூச்சு எதையும் ஈயம் கலந்தது எனக் கொள்வதே தகும்.

உரியாமல் ஒட்டியிருக்கும் பூச்சினால் விளையும் தீங்கு குறைவு. அது தூளாகும்போதே ஆபத்து தொடங்குகின்றது. தளத்தில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கும் குழந்தைகளே முதலில் பாதிக்கப்படுகின்றனர். ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். தீங்கற்றது என அறியப்பட்ட அளவு ஈயத்துக்கு இல்லை என உலக சுகாதார அமைப்பு கூறுகின்றது.

முறைகள்

பரவலாகக் கையாளப்படும் முறை, உப்புத்தாளால் உலர்வாகத் தேய்ப்பதாகும். ஈயப் பூச்சைப் பொறுத்தவரை இதுவே மிகக் கெட்ட முறை எனலாம். தீச்சுடரைக் காட்டி உரிப்பதும் அவ்வாறே. ஈய ஆவி எழுவதுடன் தேக்கும் கருகும்.

நீரைத் தெளித்து ஈரமாக்கி, தகட்டால் இழை ஓடும் திசையில் சுரண்டுவது மெதுவானது. ஆனால் தூசி எழாது. தடித்த அடுக்குகளுக்குப் பசை வடிவிலான பூச்சு நீக்கிகள் உதவும். இவற்றுள் டைக்குளோரோமீத்தேன் கொண்டவற்றைத் தவிர்க்க வேண்டும். அதன் ஆவி காற்றை விடக் கனமானது ஆதலால், குனிந்து வேலை செய்பவரின் முகமட்டத்திலேயே தேங்கும். காற்றோட்டமற்ற மச்சில் இது உயிருக்கே உலை வைக்கும். எரிசோடா மலிவானதாயினும் தேக்கைக் கறுக்கச் செய்யும். பலகை இடுக்குகள் வழியே கீழ் அறையிலும் சொட்டும்.

துணியால் மூக்கைக் கட்டிக்கொள்வது ஈயத் தூசியைத் தடுக்காது; நுண்துகள் வடிகட்டும் முகமூடி தேவை. துடைப்பத்தால் பெருக்காமல், கழிவை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, கிழியாத பையில் கட்ட வேண்டும். வேலை முடியும்வரை குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அவ்வீட்டில் இருக்க விடலாகாது.

மெருகேற்றுதல்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அரக்குப் பாலிசு ஈரப்பதத்தால் வெண்மை பூக்கும் ஆகையால், சென்னையில் பிப்ரவரிக்குப் பின் மெருகேற்றுவது நலம். ஆளிவிதை எண்ணெய் பூசினால், எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைக்காமல் விரித்துக் காயவைக்க வேண்டும்; குவியல் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும்.