மருந்தாகாத மருந்துகள்

செல் தன் புரதங்களைப் பக்குவப்படுத்தி அனுப்பும் கோல்கை உறுப்பைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது நான் அடுக்குத் தட்டுப் படத்தை முதலில் வரைவதில்லை. டோக்கியோ பல்கலைக்கழக வேளாண் வேதியியல் துறையிலிருந்துதான் தொடங்குவேன்.

அங்கே தமுரா, தகாட்சுகி குழுவினர் பூஞ்சைகளும் மண் நுண்ணுயிரிகளும் சுரக்கும் பொருள்களை வைரஸ்கள்மீது சோதித்துக்கொண்டிருந்தார்கள். பிரெஃபெல்டின் ஏ என்ற பூஞ்சைப் பொருள் வைரஸைத் தடுப்பதாக 1968இல் எழுதினார்கள். 1971இல் டூனிகமைசின் வந்தது. புரதத்தில் சர்க்கரைச் சங்கிலி ஒட்டுவதை அது ஆரம்பத்திலேயே நிறுத்தும். பல வைரஸ்களின் உறைப் புரதம் சரியாக மடியாமல் உள்ளேயே தேங்கிவிடும்.

இரண்டுமே வைரஸ் மருந்தாகவில்லை. ஆக வாய்ப்பும் இல்லை. வைரஸுக்கென்று தனிப் பாதை ஏது? நம் செல் தன் புரதங்களை வெளியே அனுப்பும் வழியில்தான் அதுவும் போகிறது. அதை அடைத்தால் செல்லும் சாகும்.

ஆனால் பிரெஃபெல்டினைத் தகாட்சுகியும் தமுராவும் விடவில்லை. மாட்டு வாயில் கொப்புளம் உண்டாக்கும் விஎஸ்வி வைரஸை எடுத்துக்கொண்டார்கள். அதன் உறையில் ஜி என்ற ஒரே புரதம்தான். தொற்றிய செல் அதைக் குவியலாகச் செய்யும், பின்தொடர்வது எளிது. பிரெஃபெல்டின் கொடுத்தால் ஜி உற்பத்தியாகிறது, செல்லின் மேற்பரப்புக்கு மட்டும் வரவில்லை என்று 1985இல் காட்டினார்கள். எங்கே சிக்கியது? சர்க்கரைச் சங்கிலிதான் இங்கே சோதனைச்சாவடி முத்திரை. கோல்கையில் சீவி மாற்றப்பட வேண்டிய மானோஸ் சர்க்கரைகள் அப்படியே இருந்தன. சரக்கு, கோல்கைக்கு முந்தைய கட்டமான எண்டோபிளாச வலையைத் தாண்டவில்லை என்று அர்த்தம். சர்க்கரையை வைத்தே இடத்தைச் சொல்லிவிட்ட இந்த வேலைக்கு நான் எப்போதும் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

1989இல் அமெரிக்காவின் பெதஸ்டாவில் லிப்பின்காட்-ஷ்வார்ட்ஸ் குழு நுண்ணோக்கியிலும் பார்த்தது. மருந்து பட்ட சில நிமிடங்களில் கோல்கை கலைந்து, அதன் நொதிகள் எண்டோபிளாச வலைக்கே திரும்பின. மருந்தைக் கழுவினால் கோல்கை மறுபடி உருவானது. பின்னோக்கியும் போக்குவரத்து உண்டு! சவ்வில் பூச்சுப் புரதங்களைச் சேர்க்கும் ஆர்ஃப் புரதம் முடுக்கப்படுவதைத்தான் இம்மருந்து தடுக்கிறது என்பது 1992இல் தெரிந்தது.

அதே ஆண்டில் இன்னொரு வேடிக்கை. போலியோ வைரஸுக்கு உறையே கிடையாது. பிரெஃபெல்டின் அதை என்ன செய்யும்? செய்தது: பெருக்கமே நின்றது. செல்லுக்குள் சவ்வுகளின்மேல்தான் போலியோ தன் ஆர்என்ஏவைப் படியெடுக்கிறது.

இன்று தடுப்பூசிச் சோதனைகளில் நோயெதிர்ப்பு டி செல்கள் சுரக்கும் சைட்டோகைன் என்ற சமிக்ஞைப் புரதங்கள் வெளியேறாமல், சாயமிட்டு எண்ணும்வரை சில மணி நேரம் அடைத்து வைக்க அதே பிரெஃபெல்டினைத்தான் ஊற்றுகிறார்கள்.