திருக்கடையூர் போகிறவர்கள் தரங்கம்பாடியையும் பார்த்து வாருங்கள்

ஜெர்மனி என்றால் நம் வடசென்னைக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது எம்டன் கப்பல்தான். 1914 செப்டம்பர் 22 இரவு துறைமுகத்துப் பக்கம் இருந்த எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. இன்றும் கெட்டிக்காரப் பிள்ளையைப் பார்த்து 'சரியான எம்டன்' என்கிறோம். ஆனால் அதற்கு இருநூறு வருடத்துக்கு முன்பே, 1706 ஜூலை 9-ல், குண்டு எதுவும் இல்லாமல் இரண்டு ஜெர்மானியர்கள் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள்.

நம் குடியிருப்பில் அறுபதாம் கல்யாணம், பீமரத சாந்தி, சதாபிஷேகம் என்று வருடா வருடம் யாராவது திருக்கடையூர் போகிறார்கள். ஹோமம் முடிந்து சாப்பிட்டதும் வண்டியை நேராகச் சென்னைக்குத் திருப்பிவிடுகிறார்கள். அங்கிருந்து தரங்கம்பாடி தெற்கே பத்து கிலோமீட்டர்கூட இல்லை. அரை நாள் ஒதுக்கினால் போதும்.

வங்கியில் லெட்ஜர் பார்த்தே காலம் கழித்தவன் என்பதால் எனக்கு முதலில் பிடிபட்டது அந்த ஊரின் வாடகைக் கணக்கு. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் நாட்டாருக்கு ஊரைக் குத்தகைக்கு விட்டார். ஆண்டுக்கு 3,111 ரூபாய். அந்த உடன்பாட்டையொட்டி அவர் தங்க ஏட்டில் அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைதான் டான்ஸ்போர்க். வியாபாரம் ஒன்றும் அமோகமாக இல்லை. 1669-க்கு முன் சுமார் இருபத்தைந்து வருடம் சொந்த நாட்டிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை! கடைசியில் 1845-ல் வங்காளத்து சேராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். (நம் ஊர்ப் பெயரே ஸ்வீடன்காரர்களின் தீப்பெட்டிக் கம்பெனி விட்டுப்போனதுதானே. வடக்கு ஐரோப்பாக்காரர்களுக்கு நம் கடற்கரை மேல் ஒரு கண் இருந்திருக்கிறது.)

1706-ல் வந்த இருவரில் ஒருவர் சீகன்பால்கு. அப்போது வயது 24 நிரம்பவில்லை. டென்மார்க் அரசர் அனுப்பிய பாதிரியார், படித்தது ஜெர்மனியின் ஹாலே நகரில். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். உள்ளூர் டேனிஷ் அதிகாரிக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ஒரு விதவையின் கடன் வழக்கில் அந்த அம்மாளுக்காகப் பேசப்போய், அதே கோட்டையில் நான்கு மாதம் சிறை வைக்கப்பட்டார்.

பிறகு அச்சு இயந்திரம் லண்டனிலிருந்து வந்தது, தமிழ் எழுத்துகளை ஹாலேயில் வார்த்து அனுப்பினார்கள். எழுத்துகள் பெரியவை, காகிதமோ கிடைப்பதில்லை. அதனால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள், பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலையே வைத்தார்கள். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. நம் தெய்வங்களைப் பற்றியும் அவர் ஒரு பெரிய நூல் எழுதி 1713-ல் ஹாலேக்கு அனுப்பினார். அதை அச்சிட அங்கிருந்த பெரியவர்களுக்கு மனம் வரவில்லை. 1867-ல்தான், அதுவும் நம் சென்னையில், அச்சேறியது. மதம் மாற்ற வந்தவர்தான், மறுக்கவில்லை. ஆனாலும் நம்மவர் என்ன நம்புகிறார்கள் என்று நம்மவரிடமே கேட்டு எழுதிய அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். 1719-ல் 36 வயதில் இறந்தார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் பீடத்துக்கு முன்னால்தான் கல்லறை.

ஊரைச் சுற்ற ஆட்டோ வேண்டாம். 1792-ல் கட்டிய நுழைவாயிலில் இறங்கினால் கிங் தெரு நேராகக் கோட்டைக்கே கொண்டுபோய்விடும். வழியில் இரண்டு தேவாலயங்களும் பழைய வீடுகளும். மதியம் வேண்டாம், மணல் காலைச் சுடும். மூன்றரை மணிக்குமேல் போங்கள், தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். ரயிலில் வருகிறவர்கள் மயிலாடுதுறையில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். தரங்கம்பாடிக்கே ஓடிய மீட்டர் கேஜ் ரயிலை எண்பதுகளில் நிறுத்திவிட்டார்கள்.

சாப்பாட்டுக்கு ஊருக்குள் அதிக வசதி கிடையாது. கடலோரப் பாரம்பரிய ஓட்டலில் மீன் சாப்பிடலாம், பர்ஸ் கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும். ஹோமம் செய்த நாளில் மீன் வேண்டாம் என்பவர்கள் திருக்கடையூரிலேயே சாப்பிட்டுவிட்டு வருவது நல்லது. காரில் போகிறவர்கள் போகும்போதே சிதம்பரத்தில் நிறுத்தி சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சுவும் சாப்பிடத் தவறாதீர்கள்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு வேப்பேரி இருக்கிறது. ஹாலேயிலிருந்து வந்த இன்னொருவர், பப்ரிசியஸ், அங்கிருந்துதான் 1779-ல் தமிழ்-ஆங்கில அகராதியை அச்சிட்டார். மொழியில் புலி, பணத்தில் ஏமாளி. பிறர் பணத்தை வாங்கி வட்டிக்கு விட்டு, அது திரும்பாமல், வயதான காலத்தில் கடனுக்காகச் சிறை போனார். கேஒய்சி இல்லாத காலம்!

பிள்ளைகள் ஜெர்மனியில் வேலையில் இருக்கிறார்களா? அடுத்த முறை போகும்போது பெர்லினிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுமேல் போனால் ஹாலே வந்துவிடும். 1698-ல் தொடங்கிய பிராங்கே அறநிலையத்தில் தரங்கம்பாடியிலிருந்து போன தமிழ் ஓலைச்சுவடிகளைப் பாதுகாக்கிறார்கள். திங்கட்கிழமை போகாதீர்கள், அங்கே பெரும்பாலும் அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. ஞாயிறு கடைகளும் மூடியிருக்கும். சைவக்காரர்களுக்கு உருளைக்கிழங்கு சூப்பும் ரொட்டியும் நிச்சயம், மே மாதமானால் வெள்ளை அஸ்பாரகஸும் கிடைக்கும். பேரப் பிள்ளைகளுக்கு ஹல்லோரன் சாக்லேட் வாங்குங்கள், 1804-லிருந்து செய்கிற கம்பெனி.

தரங்கம்பாடியில் தவறவிடக் கூடாத இன்னொன்று, கோட்டைக்கு வடக்கே கரையிலேயே நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில். 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது, மிச்சத்தைக் கருங்கல் கொட்டித்தான் காப்பாற்றியிருக்கிறார்கள். அந்தக் கற்களைப் பார்த்ததும் நமக்குத் திருவொற்றியூர் கரை ஞாபகம் வரும். துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது, வடக்கே ராயபுரம் முதல் நம் பக்கம் வரை கரை கரைந்தது. டேனிஷ் வாடகை, ஆங்கிலேயர் கிரயம் எல்லாவற்றையும் பார்த்துவிட்ட கோயில் அது. மாலை விளக்கு ஏற்றும் நேரத்துக்குப் போய், அலை எங்கே வந்து மோதுகிறது என்று நின்று பாருங்கள்.